40 ஆம்பியர் என்று அச்சிட்ட ரிலே 20 ஆம்பியருக்கே ஏன் கருகியது?

அரவக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவரும் அவருமாக மூன்று ஆண்டுகளாக முருங்கை இலையை உலர்த்திப் பொடியாக்கி விற்கிறார்கள். உலர்த்தும் பெட்டியை உள்ளூர்ப் பட்டறையில் செய்திருக்கிறார்கள். 24 தட்டுகள், காற்றைச் சுற்றவிட ஒரு மின்விசிறி, 1,500 வாட் ஃபின் ஹீட்டர் மூன்று. வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தும், ஹீட்டர்கள் மூன்றும் ஒரே ஃபேஸில் மாட்டப்பட்டிருக்கின்றன. வெப்பத்தை 52 டிகிரியில் நிறுத்திவைக்க ஒரு பி.ஐ.டி. கன்ட்ரோலர் உண்டு. அதன் கட்டளைப்படி ஹீட்டரை இயக்கி நிறுத்துவது எஸ்.எஸ்.ஆர். என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த சாலிட் ஸ்டேட் ரிலே.

பட்டறைக்காரர் வைத்துக் கொடுத்த முதல் ரிலேயில் 25 ஆம்பியர் என்று இருந்ததாம். உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டின்மேல், மூடிய இரும்புப் பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. ஏழு மாதம் ஓடி, மே மாதத்தில் போயிற்று. அடுத்தது இணையத்தில் 350 ரூபாய்க்கு வாங்கிய, 40 ஆம்பியர் என்று அச்சிட்ட ரிலே. மூன்றே வாரம்தான். "இரவு இரண்டரை மணிக்குக் கருகல் வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். கன்ட்ரோலர் 97 டிகிரி காட்டுகிறது. அவுட்புட் விளக்கு அணைந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மெயினை இறக்கிய பிறகுதான் நின்றது" என்கிறார். அன்றைய 24 தட்டு இலையும் பழுப்பாகிப் போயிருக்கிறது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு கருத்து. எலக்ட்ரீஷியன் 100 ஆம்பியர் ரிலே போட்டுவிடலாம் என்கிறார். ஹீட்டர் நின்றிருக்கும்போதும் டெஸ்டர் எரிந்ததால் முதல் ரிலே ஆரம்பத்திலிருந்தே பழுது என்றும், மின்சாரம் அளவு மீறினால் தானே விழ வேண்டிய 32 ஆம்பியர் எம்.சி.பி. விழாததால் அதுவும் பழுது என்றும் சொல்லியிருக்கிறார். கணவரோ இந்தச் சனியனே வேண்டாம், பழைய முறைப்படி, காந்தத்தால் முனைகளை ஒட்டி விடும் கான்டாக்டருக்கே போய்விடுவோம் என்கிறார். வாசகி என்னிடம் கேட்பது மூன்று: எத்தனை ஆம்பியர் ரிலே வாங்குவது? எஸ்.எஸ்.ஆரை நம்பலாமா, கூடாதா? விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா?

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, "அவுட்புட் விளக்கு அணைந்துதான் இருக்கிறது" என்பது. தூக்கக் கலக்கத்திலும் பதற்றத்திலும் அதைக் கவனித்திருக்கிறீர்கள். பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கன்ட்ரோலர் நிறுத்தச் சொல்லிவிட்டது, சென்சாரும் சரியாகவே அளந்திருக்கிறது, ரிலேதான் கேட்கவில்லை.

எஸ்.எஸ்.ஆரின் உள்ளே அசையும் பாகம் எதுவும் கிடையாது. மின்சாரத்தைத் திறந்து மூடும் இரண்டு தைரிஸ்டர் சில்லுகள் எதிரெதிர்த் திசையில் இணைந்திருக்கும். மலிவானவற்றில் அவற்றுக்குப் பதில், இரண்டின் வேலையையும் தானே செய்யும் ஒரே ஒரு டிரையாக். இந்தச் சிலிக்கான் சில்லின் வெப்பம் ஏறத்தாழ 125 டிகிரியைத் தாண்டினால், மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் சக்தியை அது இழக்கத் தொடங்குகிறது. தடுக்க முடியாததால் மேலும் சூடாகிறது. கடைசியில் சில்லே உருகி வெறும் கம்பியைப் போல ஆகிவிடுகிறது. ஆகவே எஸ்.எஸ்.ஆர். பழுதானால் ஹீட்டர் நின்றுபோகும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது மின்சாரத்தை விட்டுக்கொண்டேதான் சாகும். உங்கள் பெட்டியில் நடந்ததும் அதுதான்.

எம்.சி.பி.யைக் குறை சொல்ல வேண்டாம். ரிலே ஒட்டிக்கொண்ட பிறகும் ஹீட்டர் எடுத்தது வழக்கமான அதே 20 ஆம்பியர்தான். எப்போதும் எடுக்கும் மின்சாரத்தை எப்போதும்போல எடுத்தால் 32 ஆம்பியர் எம்.சி.பி. எதற்காக விழ வேண்டும்? அதன் வேலை கம்பி எரியாமல் காப்பது. இலை கருகுவது அதற்குத் தெரியாது.

40 என்ற எண் எதைச் சொல்கிறது?

முதலில் உங்கள் ஹீட்டரின் கணக்கைப் பார்ப்போம். 4,500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 19.6 ஆம்பியர். இரவில் ஊரில் மோட்டார்களெல்லாம் நின்றபின் 250 வோல்ட் வரை ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஹீட்டர் காயிலின் மின்தடை மாறுவதில்லை. எனவே அப்போது 21 ஆம்பியருக்குச் சற்று மேல், 5,300 வாட் வரை போகும். ரிலே செத்தது இரவில் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

21 ஆம்பியருக்கு 25 ஆம்பியர் ரிலே போதாதா என்று பட்டறைக்காரர் நினைத்திருப்பார். கான்டாக்டராக இருந்தால் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். எஸ்.எஸ்.ஆருக்குச் செல்லாது. மின்சாரம் ஓடும்போது இதன் குறுக்கே எப்போதும் 1 முதல் 1.5 வோல்ட் வரை நிற்கும். 1.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 21 ஆம்பியருக்கு 25 வாட் வெப்பம். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னும் அதே 25 வாட்தான். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்னை வைத்து, அதையும் காற்றுப் புகாத இரும்புப் பெட்டிக்குள் மூடி, அந்தப் பெட்டியை உலர்த்தியின் சூடான பக்கச் சுவரிலேயே அறைந்து வைத்திருக்கிறீர்கள்.

ரிலேயின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர், சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்க் என்ற அலுமினியக் கட்டையின்மேல், தேவையான அளவில் பொருத்தி, சுற்றுக்காற்று குளிர்ச்சியாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஹீட் சிங்க் இல்லாமல் வெறுமனே தொங்கவிட்டால் 25 என்றிருப்பதும் 40 என்றிருப்பதும் தாங்குவது நான்கைந்து ஆம்பியர்தான். நல்ல தயாரிப்பாளரின் விவரத்தாளில் ஒரு வரைபடம் இருக்கும். சுற்று வெப்பம் கூடக்கூட அனுமதிக்கும் ஆம்பியர் சரிந்துகொண்டே வரும். விவரத்தாளில் நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். கரூர் வெயிலில், மூடிய பெட்டிக்குள் 50 டிகிரி என்பதே குறைவான மதிப்பீடு.

உங்கள் முதல் ரிலே ஏழு மாதம் தாங்கியதே எனக்கு வியப்பு. 52 டிகிரியை எட்டியபின் ஹீட்டர் பாதி நேரமே ஓடும் என்பதால் தப்பித்து வந்திருக்கிறது. மே மாதம் வந்ததும் கணக்கு தீர்ந்துவிட்டது.

இரண்டாவது ரிலேயின் கதை வேறு. ஹீட் சிங்க்கும் போதவில்லை, ரிலேயும் போலியாக இருந்திருக்கலாம். பெயர்பெற்ற தைவான் தயாரிப்பு ஒன்றின் உறையை அப்படியே நகலெடுத்து, உள்ளே சிறிய டிரையாக்கை வைத்து விற்பது உலகெங்கும் நடக்கும் வியாபாரம். 40 என்று அச்சிட்ட அப்படி ஒன்றை நான் உடைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே விரல் நகம் அளவில், 16 ஆம்பியருக்கான டிரையாக் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் உறுதியான வழி எதுவும் இல்லை. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகவும், கையில் எடுத்தால் எடையே இல்லாமலும், அடித்தகடு மெல்லியதாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். கோவையிலும் ஈரோட்டிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

என்ன வாங்குவது?

எலக்ட்ரீஷியன் சொன்ன 100 ஆம்பியர் முழுத் தவறு என்று சொல்லமாட்டேன். பெரிய சில்லு சற்றுக் குளிர்ச்சியாக ஓடும். ஷார்ட் சர்க்யூட் வந்தாலும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் 100 ஆம்பியர் ரிலேயும் உங்கள் 21 ஆம்பியருக்கு ஏறக்குறைய அதே 25 வாட்டைத்தான் வெளியேற்றும். அதே உள்ளங்கைத் தகட்டில் அதே மூடிய பெட்டிக்குள் வைத்தால், விலை உயர்ந்த ஒன்று சாகும், அவ்வளவுதான். நான் பின்பற்றும் வழக்கம், தொடர்ந்து ஓடும் மின்சாரம் அச்சிட்ட எண்ணில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. எனவே உங்களுக்கு 50 ஆம்பியர் ரிலே. மிச்சப் பணத்தை ஹீட் சிங்க்கில் போடுங்கள்.

ஹீட் சிங்க்கை, ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி சூடேறும் என்ற எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். எண் சிறிதாக இருந்தால் நல்லது. பெட்டிக்குள் 50 டிகிரி, ரிலேயின் அடித்தகடு 80 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்தால், இடைவெளி 30 டிகிரி. அதை 25 வாட்டால் வகுத்தால் 1.2. கடையில் 1.0 அல்லது அதற்குக் கீழே கேளுங்கள். அரைச் செங்கல் அளவில், துடுப்புகளோடு இருக்கும். துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கவைத்தால் சூடான காற்று மேலேறாது. பெட்டியில் ஒரு சதுரம் வெட்டி, ரிலே உள்ளேயும் துடுப்புகள் வெளியேயும் இருக்கும்படி பொருத்தினால் மிகவும் நல்லது. முருங்கைத் தூள் துடுப்புகளுக்கு இடையில் அடையும். மாதம் ஒரு முறை பிரஷ் போடுங்கள். ரிலேக்கும் சிங்க்குக்கும் இடையில் வெப்பக் கடத்தும் பேஸ்ட்டை மெல்லியதாக, தோசைக் கல்லில் எண்ணெய் தேய்ப்பதைப் போலத் தடவ வேண்டும். சுவருக்குச் சாந்து அப்புவதைப் போல அப்பினால் அதுவே வெப்பத்தைத் தடுக்கும். பெட்டியையும் உலர்த்தியின் சுவரிலிருந்து கழற்றி எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள்.

அடுத்து வோல்ட். ரிலேயில் 240 வகை, 480 வகை என்று இரண்டு கிடைக்கும். 230 வோல்ட் வீட்டுக்கு 240 போதுமே என்று தோன்றும். நீங்கள் 480 வகையையே வாங்குங்கள். கிராமத்து லைனில் நியூட்ரல் அறுந்துபோவது உங்களுக்குப் புதிதில்லை. பல்பெல்லாம் பளீரென்று எரிந்து டிவி புகைந்த கதை ஊருக்கு ஒன்று இருக்கும். அந்த நேரத்தில் ஒரு ஃபேஸில் 415 வோல்ட் வரை நிற்கக்கூடும். அதன் உச்சம் 587 வோல்ட். 240 வகை ரிலேக்கள் பெரும்பாலும் 600 வோல்ட் உச்சத்துக்கே செய்யப்பட்டவை. 480 வகையில் 1,200 கிடைக்கும். விலை வித்தியாசம் அதிகமில்லை.

கட்டுப்பாட்டுப் பக்கம் 3 முதல் 32 வோல்ட் டி.சி. என்று இருக்க வேண்டும். உங்கள் கன்ட்ரோலர் கொடுப்பது 12 வோல்ட் டி.சி. துடிப்பு. சுமைப் பக்கம் ஏ.சி. என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே உறையில் டி.சி. சுமைக்கானவையும் வருகின்றன; அவசரத்தில் மாறிப்போகும். சுழியத்தில் இயங்கும் வகை, அதாவது ஏ.சி. மின்சாரத்தின் அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் திறக்கும் வகை, ஹீட்டருக்கு ஏற்றது.

ஃபியூஸைப் பற்றியும் ஒரு சொல். ஹீட்டரோ கம்பியோ ஷார்ட் ஆனால், எம்.சி.பி. விழுவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்த நொடியின் சிறு பங்கிலேயே ரிலே செத்துவிடும். ரிலேயைக் காப்பாற்ற வேண்டுமானால் செமிகண்டக்டர் ஃபியூஸ் எனப்படும் அதிவேக ஃபியூஸ் தேவை. ஃபியூஸ், ரிலே இரண்டின் விவரத்தாளிலும் ஐ-ஸ்கொயர்-டி என்று ஓர் எண் இருக்கும். ஃபியூஸின் எண் ரிலேயின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால்தான் ஃபியூஸ் முந்தும். 25 ஆம்பியர் ரிலேக்களில் இந்த எண் சில நூறுகளில் நிற்கும். 50 ஆம்பியரில் ஆயிரத்தைத் தாண்டும். 50 வாங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் எனக்குக் கண்ணில் பட்டது ஒன்று உண்டு. ரிலேயின் 1 என்ற முனையில் கம்பியின் மேலுறை மஞ்சளாகி, முனையருகே பிளாஸ்டிக் பழுத்திருக்கிறது. அது சில்லின் சூடு இல்லை, தளர்ந்த திருகின் சூடு. பிரிகளை முறுக்கித் திருகுக்கடியில் சொருகியிருக்கிறார்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு லக் போட்டு, கிரிம்ப் செய்து இறுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓடியபின், மெயினை இறக்கிவிட்டு இன்னொரு முறை இறுக்க வேண்டும்.

கன்ட்ரோலரில் சைக்கிள் நேரம், அதாவது ஹீட்டரை ஒரு முறை இயக்கி நிறுத்தும் சுற்றின் நேரம், 20 வினாடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது கான்டாக்டருக்கான அளவு. எஸ்.எஸ்.ஆருக்கு 2 வினாடி வையுங்கள். நீண்ட சைக்கிளில் சில்லு ஒவ்வொரு முறையும் நன்றாகச் சூடாகி நன்றாக ஆறுகிறது; விரிந்து சுருங்கி, சில்லை ஒட்டியிருக்கும் ஈயம் நாளடைவில் விரிசல் விடும்.

டெஸ்டர் எரிவது

ஹீட்டர் நின்றிருக்கும்போது டெஸ்டர் எரிந்ததால் ரிலே பழுது என்ற முடிவு சரியில்லை. அணைந்த நிலையிலும் எஸ்.எஸ்.ஆர். வழியாகச் சில மில்லி ஆம்பியர் கசியும். உள்ளே பாதுகாப்புக்காக வைத்திருக்கும் மின்தேக்கியும் மின்தடையும் அதற்குக் காரணம். டெஸ்டரின் நியான் விளக்குக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். சந்தேகமிருந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஹீட்டருக்குப் பதிலாக 100 வாட் குண்டு பல்பை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டளை இல்லாதபோது பல்ப் இருட்டாக இருந்தால் ரிலே நலம். முழுதாக எரிந்தால் செத்தது. கட்டளை கொடுத்தும் மங்கலாகவே எரிந்தால் இரண்டு தைரிஸ்டரில் ஒன்று போய்விட்டது. எல்.இ.டி. பல்பில் சோதித்தால் கசிவிலேயே மினுக்கி உங்களைக் குழப்பும்.

இதில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. தட்டு மாட்டும் பெண்கள் கன்ட்ரோலரில் வெப்பத்தைக் குறைத்துவிட்டு, ஹீட்டர் நின்றுவிட்டது என்ற நம்பிக்கையில் உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்கிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு அதை நிறுத்துங்கள். எஸ்.எஸ்.ஆர். ஒரு சுவிட்ச் என்ற கணக்கில் வராது. ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டும் இரட்டைத் துருவ எம்.சி.பி.யை இறக்கியபின்தான் உள்ளே கை போக வேண்டும். மின்சாரம் உடல் வழியாகவோ தரைக்கோ கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம் வேண்டும். இரும்புத் தட்டு, ஈர இலை, வெறுங்கால், இம்மூன்றும் உங்கள் கொட்டகையில் ஒன்றாகவே இருக்கின்றன.

ரிலே செத்தாலும் இலை பிழைக்க

எவ்வளவு நல்ல ரிலே வாங்கினாலும் ஒருநாள் சாகும். சாகும்போது மின்சாரத்தை விட்டுக்கொண்டே சாகும். இதை ஒப்புக்கொண்டுதான் பேனல் கட்ட வேண்டும். உங்கள் பட்டறைக்காரர் செய்யாமல் விட்டது இதைத்தான். ரிலே தேர்வில் செய்த பிழையைவிட இது பெரிய பிழை.

எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால், அதே வரிசையில், ஒரு கான்டாக்டரை வையுங்கள். உலர்த்தியைத் தொடங்கும்போது ஒட்டி, முடிக்கும்போது விடும். நாளுக்கு ஒரே ஒரு முறை என்பதால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதன் காயிலுக்குப் போகும் மின்சாரம் ஒரு தனி தெர்மோஸ்டாட் வழியாகப் போகட்டும். நீண்ட செம்புக் குழாயும் முனையில் குமிழும் உள்ள காப்பில்லரி வகை, கையால் அழுத்தினால்தான் திரும்ப ஒட்டும் வகை. அதை 65 டிகிரியில் வையுங்கள். அன்றிரவு அது இருந்திருந்தால், 65-இல் கான்டாக்டர் விட்டிருக்கும், நீங்களும் தூங்கியிருப்பீர்கள்.

கன்ட்ரோலரிலேயே அலாரம் ரிலே இருக்கிறதே, அது போதாதா என்று உங்கள் எலக்ட்ரீஷியன் கேட்பார். போதாது. அலாரமும் அதே சென்சாரைத்தான் நம்புகிறது. சென்சார் கழன்று பெட்டிக்கு வெளியே தொங்கினால், கன்ட்ரோலர் அறை வெப்பத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சூடேற்று என்று சொல்லிக்கொண்டே இருக்கும், அலாரம் அடிக்காது. இரண்டாவது காவலுக்கு இரண்டாவது கண் வேண்டும்.

மின்விசிறியையும் இதில் சேர்த்துவிடுங்கள். விசிறி நின்றால் சென்சார் இருக்கும் மூலை குளிர்ந்து, ஹீட்டர் இருக்கும் மூலை பழுத்துவிடும். விசிறி ஓடினால்தான் ஹீட்டர் கான்டாக்டர் ஒட்டும் என்று இணைப்பது அரை மணி நேர வேலை. மாதம் ஒரு முறை உலர்த்தி ஓடும்போது தெர்மோஸ்டாட்டை 45-க்குத் திருகிப் பாருங்கள். டக்கென்று சத்தம் கேட்டுக் கான்டாக்டர் விட வேண்டும். பார்த்த பின் மறக்காமல் 65-க்குத் திருப்பிவிடுங்கள்.

கணவர் சொல்லும் கான்டாக்டர்

கணவர் சொல்வதில் நியாயம் உண்டு. 20 வினாடிக்கு ஒரு முறை ஒட்டி விடும் கான்டாக்டர் மணிக்கு 180 முறை அடிக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 1,800. இரண்டு மாதத்துக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அத்தனை அடியில் முனைகள் தேய்ந்துபோகும். இதற்காகத்தான் எஸ்.எஸ்.ஆர். வந்தது. ஆனால் பி.ஐ.டி.யை விட்டுவிட்டு, 51-இல் ஒட்டி 53-இல் விடும்படி சாதாரண ஆன்-ஆஃப் முறையில் வைத்தால், உங்கள் பெட்டியின் அளவுக்கு மணிக்கு இருபது முப்பது முறைதான் அடிக்கும். முருங்கை இலைக்கு இரண்டு மூன்று டிகிரி ஆட்டம் பெரிய கேடில்லை. சரியான ஹீட் சிங்க் கிடைக்காது, பெட்டியை நகர்த்த முடியாது என்ற நிலை இருந்தால் கான்டாக்டரே மேல் என்பேன். வாங்கும்போது ஹீட்டருக்கான ஏ.சி.-1 என்ற வரியில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள், ஏ.சி.-3 மோட்டாருக்கானது. கான்டாக்டரின் முனைகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே அவர் வழியில் போனாலும் அந்தத் தனி தெர்மோஸ்டாட்டும் அதற்கென்ற இரண்டாவது கான்டாக்டரும் வேண்டும்.

என்னைக் கேட்டால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. மூன்று ஹீட்டரையும் மூன்று ஃபேஸுக்கும் பிரித்துவிடுங்கள், ஒவ்வொன்றும் 6.5 ஆம்பியர். இரண்டு ஹீட்டரை ஒரு சாதாரண சுவிட்சும் கான்டாக்டரும் இயக்கட்டும். மூன்றாவதை மட்டும் எஸ்.எஸ்.ஆர். பார்த்துக்கொள்ளட்டும். ஈர இலை வைத்த முதல் இரண்டு மணி நேரத்துக்கு மூன்றும் ஓடும். ஈரம் குறைந்ததும் அந்த இரண்டையும் கையால் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் விடுங்கள். எஸ்.எஸ்.ஆருக்கு 8 வாட் சூடுதான். சிறிய ஹீட் சிங்க்கே போதும். நடு இரவில் அது ஒட்டிக்கொண்டாலும் உள்ளே ஓடுவது 1,500 வாட் மட்டுமே. இதில் உள்ள குறை, அந்த இரண்டு ஹீட்டரை நிறுத்த ஓர் ஆள் நினைவு வைத்திருக்க வேண்டும். சுவிட்சுக்குப் பதில் டைமர் வைத்தால் அந்தக் கவலையும் தீரும். இந்தப் பிரிப்பின்போது ரிலேக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கான்டாக்டர் மூன்று ஃபேஸுக்கானதாகவும், பிரதான எம்.சி.பி. நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் நான்கு துருவ வகையாகவும் மாற வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே இதைச் செய்யட்டும்.

பணம் திரும்புமா?

350 ரூபாய்க்காக யாரும் வழக்குப் போடமாட்டார்கள். நீங்கள் கேட்பது அந்த 24 தட்டு இலைக்கும் சேர்த்து என்று புரிகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. கணவனும் மனைவியுமாக நடத்தும் தொழிலுக்கு அந்த வாதம் பொருந்தக்கூடும். பில்லும் செத்த ரிலேயும் பத்திரமாக இருக்கட்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். எதிர்த்தரப்பு உடனே கேட்கப்போவது, போதிய ஹீட் சிங்க் இல்லாமல் ஏன் மாட்டினீர்கள் என்பது. அதற்கு உங்களிடம் நல்ல பதில் இல்லை. ஆகவே ரிலேயின் விலை திரும்பலாம்; இலையின் விலைக்கு வாய்ப்புக் குறைவு.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உலர்த்தி வீட்டு மின்னிணைப்பில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கென்று வாங்கிய இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவின்கீழ் வரும். கண்டுபிடித்தால் உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு மதிப்பிடுவார்கள். குடிசைத் தொழில்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. பேனலை மாற்றும் இந்த வேளையிலேயே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஹீட்டர்களே பழுதாக இருந்தால் அடுத்த ரிலேயும் சாகும். மெயினை இறக்கி, ஹீட்டர்களின் கம்பிகளை ரிலேயிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஹீட்டரின் மின்தடையையும் மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 35 ஓம் அருகே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அதன் காயில் உள்ளே ஒட்டியிருக்கிறது. பிறகு மின்கசிவைச் சோதிக்கும் மெகர் என்ற கருவியை 500 வோல்ட்டில் வைத்து, ஹீட்டருக்கும் அதன் உலோக உறைக்கும் இடையே பார்க்க வேண்டும். கம்பி ரிலேயில் இருக்கும்போது மெகர் வைத்தால் ரிலேக்கே ஆபத்து என்பதால்தான் கழற்றச் சொன்னேன். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஹீட்டருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது. அந்த ஹீட்டரைக் கழற்றி வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் எண் ஏறாவிட்டால் ஹீட்டரை மாற்றிவிட்டு, ரிலேயை அதன் பிறகு வாங்குங்கள். இந்த ஆறு எண்களையும் எனக்கு எழுதி அனுப்பினால், ஃபியூஸ் எது என்று குறிப்பிட்டுச் சொல்கிறேன்.